இமைக்க மறந்த விழிகள்

"கண்ணை இமை காப்பது போல" என்று நம் தாய்மொழியில் ஒரு வழக்கு உண்டு. அன்பும் விழிப்பும் ஒன்றுசேர்ந்த காவலைச் சொல்ல இதைவிடச் சிறந்த உவமை வேறில்லை. கேட்டுப் பெறாத காவல் அது; காக்கப்படுபவரே அறியாமல் நிகழும் காவல். வானவரை 'இமையவர்' என்றழைத்தனர் நம் முன்னோர். இமைக்காதிருத்தல் தேவர்களுக்கு உரிய இயல்பு, இமைப்பதே மனிதனின் அடையாளம் என்பது அவர்கள் கருத்து. நிமிடத்திற்கு ஏறத்தாழ 12 முதல் 15 முறை நாம் இமைக்கிறோம். எண்ணிப் பார்ப்பதில்லை; எண்ணிப் பார்க்கவேண்டிய தேவையும் நமக்கு ஏற்படுவதில்லை.

ஆனால் இமைக்க இயலாமற்போன மனிதரும் நம்மிடையே வாழ்ந்தார்கள், இன்றும் வாழ்கிறார்கள். தொழுநோய் அவர்களுடைய இமைகளின் வலுவை எடுத்துக்கொண்டது. விழியின் உணர்வையும் எடுத்துக்கொண்டது. தொழுநோய் என்றவுடன் மடங்கிய விரல்களும் புண்பட்ட பாதங்களும் நம் நினைவுக்கு வருகின்றன. கண் நினைவுக்கு வருவதில்லை. இந்நோயின் வரலாற்றிலும் கண்ணுக்குப் பலகாலம் பின்வரிசையே கிடைத்தது. அந்த வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்பது பயன்தரும் எனக் கருதுகிறோம்.

இதைப் பற்றி நாம் எழுதுவதற்கு ஊர்ச்சார்பான காரணமும் ஒன்றுண்டு. ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை இன்று திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997ஆம் ஆண்டில் திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரியும்வரை இவ்வூரும், ஆவடியும், பூவிருந்தவல்லியும் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன. நாட்டிலேயே தொழுநோய் மிகுதியாகக் காணப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று அந்தச் செங்கற்பட்டு. நோய் மிகுந்த இடத்திலேயே அதற்கு எதிரான பணியும் மிகுந்தது. ஆகவே நாம் சொல்லப்போவது தொலைதேசத்துக் கதையன்று. நம் மண்ணின் கதையே.

விழியின் முகப்பு

விழியின் முகப்பில் கண்ணாடி போல் தெளிந்த மெல்லிய படலம் ஒன்று உள்ளது. கருவிழிப் படலம் என்கிறோம். ஒளி உள்ளே புகும் வாயில் அதுவே. தெளிவு கெடாதிருக்கும் பொருட்டு அதில் இரத்தக் குழாய்களே இல்லை. தனக்கு வேண்டிய உயிர்வளியைக் கண்ணீர்ப் படலத்தின் வழியாகக் காற்றிலிருந்தே அது பெறுகிறது. எனவே அது எப்போதும் ஈரமாக இருக்கவேண்டும். ஒவ்வோர் இமைப்பும் அதன்மேல் கண்ணீரைப் புதிதாகப் பூசுகிறது, தூசியைத் துடைக்கிறது. மேலும், உடலிலேயே மிகக் கூரிய உணர்வுடைய இடங்களுள் இப்படலமும் ஒன்று. சிறு துகள் பட்டாலும் நாம் துடித்துப்போகிறோம். அந்தத் துடிப்பே அதன் காவல்.

தொழுநோய்க் கிருமி குளிர்ச்சியான இடங்களை நாடும் இயல்புடையது. தோலும், மூக்கும், காதுமடலும், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகளும், கண்ணின் முன்பகுதியும் அது விரும்பித் தங்கும் இடங்கள். கண்ணை அது மூன்று வழிகளில் தாக்குகிறது. முதலாவது, முக நரம்பின் கிளை கன்ன எலும்பைக் கடந்து செல்லும் இடத்தில் அதைத் தாக்குகிறது. இமைகளை மூடும் தசை வலுவிழக்கிறது. உறக்கத்திலும் கண் மூடுவதில்லை. முயல் கண்ணைத் திறந்தவாறே உறங்கும் என்ற பழைய நம்பிக்கையை ஒட்டிக் கிரேக்கச் சொல்லால் மருத்துவர்கள் இதை 'முயற்கண்' என்று வழங்குகின்றனர். இரண்டாவது, விழிக்கு உணர்வைத் தரும் ஐந்தாம் மூளை நரம்பின் கிளைகள் கெடுகின்றன, கருவிழி மரத்துப்போகிறது. மூன்றாவது, கிருமி கண்ணுக்குள்ளேயே குடியேறுகிறது, அல்லது நோயின் எதிர்வினையால் கண்ணின் உட்பகுதி அழற்சியுறுகிறது. கண்மணி சுருங்கி ஒட்டிக்கொள்கிறது.

இவற்றுள் முதலிரண்டும் ஒருவரிடத்தில் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. மூடாத கண் காய்கிறது. மரத்த கண் காய்வதை அறிவிப்பதில்லை. தூசி விழுகிறது, முட்புல் கீறுகிறது, உள்நோக்கி வளைந்த இமைமயிர் உரசுகிறது. வலி இல்லாததால் அவர் வயலில் வேலையைத் தொடர்கிறார். உணர்வற்ற முரட்டு விரல்களால் கண்ணைத் தேய்த்தும்விடுகிறார். புண் உண்டாகி, சீழ் பிடித்து, கருவிழி வெண்மையாகிப் போனபின்னரே மருத்துவரிடம் வருகிறார். வலியைச் சாபம் என்றே எண்ணிப் பழகியவர்கள் நாம். வலி இல்லாமையே சாபமாகும் இடமும் உண்டு என்பதை இந்நோய் நமக்குக் கற்பிக்கிறது.

ஒரே ஆண்டின் மூன்று நிகழ்ச்சிகள்

1873ஆம் ஆண்டு தொழுநோய் வரலாற்றில் மறக்கவொண்ணாத ஆண்டு. நார்வே நாட்டின் பெர்கன் நகரில் கெரார்டு ஆர்மவர் ஹான்சன் என்ற மருத்துவர் நோயாளரின் திசுக்களில் கோல் வடிவக் கிருமிகளைக் கண்டது அவ்வாண்டில்தான். பெல்ஜிய நாட்டுத் தந்தை தமியான், தொழுநோயாளர் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த மொலோக்காய்த் தீவில் கால் வைத்ததும் அதே 1873இல்தான். கண் மருத்துவர் புல் என்பவரும் ஹான்சனும் சேர்ந்து தொழுநோயில் கண்ணுக்கு வரும் கேடுகளைப் பற்றி நூலொன்றை வெளியிட்டதும் அந்த ஆண்டிலேயே. முதல் இரண்டையும் உலகம் நினைவில் வைத்தது. மூன்றாவதை மருத்துவ நூலகங்கள் மட்டுமே நினைவில் வைத்தன.

ஹான்சனுடைய வாழ்க்கையில் கண் மீண்டும் ஒருமுறை குறுக்கிட்டது. அது துயரமான முறையில். கிருமியால்தான் நோய் பரவுகிறது என்று மெய்ப்பிக்க விரும்பிய அவர், 1879இல், மருத்துவமனையில் இருந்த தொழுநோயாளியான ஒரு பெண்ணின் கண்ணில், மற்றொரு நோயாளியின் கட்டியிலிருந்து எடுத்த பொருளைத் தோய்த்த கருவியால் குத்தினார். அப்பெண்ணின் இசைவை அவர் கேட்கவில்லை. வழக்கு நீதிமன்றம் சென்றது. 1880இல் அவர் அம்மருத்துவமனைப் பதவியை இழந்தார். மாபெரும் கண்டுபிடிப்பாளரே ஆயினும், ஒரு ஏழைப் பெண்ணின் கண் அவளுடையதே என்று அந்த நீதிமன்றம் சொல்லிற்று. தொழுநோயாளரை ஊர் ஊராக விரட்டிய காலத்தில் பிறந்த அத்தீர்ப்பின் அருமை இன்று நமக்கு நன்கு விளங்குகிறது.

தந்தை தமியானைப் பற்றியும் ஒரு செய்தி. 1884ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தம் பாதத்தைக் கொதிநீரில் வைத்தார். தோல் வெந்து கொப்புளித்தது. வலி மட்டும் தோன்றவில்லை. தமக்கும் நோய் வந்துற்றது என்பதை அவருக்கு உணர்த்திய அடையாளங்களுள் அதுவும் ஒன்று. 1889இல் இறந்த அவர் 2009இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அந்தப் பாதத்திற்கு நேர்ந்ததே எண்ணற்றோரின் கண்களுக்கும் நேர்ந்தது. பாதத்தின் கொப்புளம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிந்தது. கருவிழியின் கீறல் எவருக்கும் தெரியவில்லை.

செங்கற்பட்டின் மரநிழல்கள்

நம் நாட்டில் 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம் ஏழை நோயாளிகளைப் பிடித்து ஒதுக்கிவைக்க வழிசெய்தது. 2016இல்தான் அச்சட்டம் ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஒதுக்கிவைத்தலே மருத்துவம் என்றிருந்த அந்நாளில், செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1920களில் தொழுநோயாளர் இல்லம் எழுந்தது. அங்கே பணியாற்றிய டாக்டர் இராபர்ட் காக்ரேன் உலகறிந்த தொழுநோய் வல்லுநர். நீரடிமுத்து எண்ணெயை ஊசி வழியாகச் செலுத்துவதே அப்போதைய மருத்துவம். 1940களின் இடைப்பகுதியில் சல்போன் மருந்துகள் திருமணிக்கு வந்தன. ஆயிரமாண்டுகளாகத் தீராத நோய் தீரும் நோயாக மாறத் தொடங்கியது. 1955இல் நடுவண் அரசு அந்நிலையத்தை ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக்கியது.

அதே 1955இல் மதுராந்தகம் பக்கத்துப் பொலம்பாக்கத்தில் மற்றொரு பணி தொடங்கிற்று. ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் பணிபுரிந்துவிட்டு வந்த பெல்ஜிய மருத்துவர் பிரான்ஸ் ஹெமெரிக்ஸ், நோயாளியை மருத்துவமனைக்கு அழைப்பதைவிட மருத்துவமனையை நோயாளியின் ஊருக்குக் கொண்டுசெல்வதே சரி என்று கண்டார். வண்டியில் மருந்துகளை ஏற்றிக்கொண்டு, குறித்த கிழமையில் குறித்த மரத்தடிக்குச் சென்றார். நோயாளி தம் வீட்டையும் நிலத்தையும் விட்டுப் பிரியாமலே மருந்துண்டார். அவருக்குப் பின் அப்பணியைத் தாங்கி நடத்திய டாக்டர் கிளேர் வெல்லூட் அம்மையார், இந்தியக் குடியுரிமையையும் ஏற்று, நம் மக்களோடு மக்களாகவே வாழ்ந்து 2013இல் மறைந்தார்.

ஆவடிக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. ஆக்ராவிலுள்ள நடுவண் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் களப்பிரிவு ஒன்று ஆவடியில் இயங்கியது. தொழுநோய்க்குத் தடுப்பூசி பயன்படுமா என்ற மாபெரும் ஆய்வை அப்பிரிவு செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களில் 1991 சனவரியில் தொடங்கியது. இரண்டரை ஆண்டுகளில் 1,71,400 பேர் தாமாக முன்வந்து ஊசி போட்டுக்கொண்டனர். காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. ஊசி தொழுநோய்க்கு எதிராக நூற்றுக்கு 34 என்ற அளவில் காப்பளித்ததாகவும், அதனுடன் கொல்லப்பட்ட தொழுநோய்க் கிருமியைச் சேர்த்த ஊசி நூற்றுக்கு 64 அளவில் காப்பளித்ததாகவும் முடிவுகள் கூறின. அக்களப்பிரிவே பின்னர் தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனமாக வளர்ந்தது. அம்பத்தூரை அடுத்த அயப்பாக்கத்தில் அதன் கட்டடங்களை இன்றும் காணலாம். அதன் வேரில் தம் கையை நீட்டிய ஓர் இலட்சத்து எழுபதாயிரம் எளிய மக்களின் நம்பிக்கை இருக்கிறது. அவர்களுக்கு எந்த நினைவுச் சின்னமும் இல்லை.

மென்று மூடும் கண்

கையையும் காலையும் போலக் கண்ணையும் தனியே கவனிக்கவேண்டும் என்பதை நம் நாட்டில் செயலாக்கியவர்களுள் முன்னிற்பவர் மார்கரெட் பிராண்டு அம்மையார். அவருடைய கணவர் பால் பிராண்டு 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்த அவர், 1947இல் செங்கற்பட்டுக்குச் சென்று காக்ரேனிடம் இருந்த நோயாளரின் மடங்கிய கைகளைக் கண்டார். அவற்றை நிமிர்த்த அறுவை மருத்துவர் எவரும் முயன்றதில்லை என்றறிந்தபோது அவருடைய வாழ்க்கையின் திசை மாறியது. விரல்கள் அழுகி விழுவது நோயால் அன்று, உணர்வின்மையால் நேரும் காயங்களால் என்பதை அவர் உலகுக்கு நிறுவினார்.

மார்கரெட் அம்மையார் கண் மருத்துவத்தில் தனிப்பயிற்சி பெற்றிராத நிலையில் வேலூரில் அத்துறைக்கு அழைக்கப்பட்டவர். வேலை செய்தே கற்றுக்கொண்டார். 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியபின், அங்கு வந்த நோயாளரின் கண்கள் அவருடைய கவனத்தை ஈர்த்தன. கணவர் கையைப் பற்றிக் கண்டதையே அவர் கண்ணைப் பற்றிக் கண்டார்: பார்வையிழப்பில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது. 1966இல் அவர்கள் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்ற பின்னும் அம்மையார் இத்துறையிலேயே உழைத்தார். தொழுநோயில் கண் பராமரிப்பைப் பற்றி அவர் எழுதிய கையேடு களப்பணியாளர்களுக்குத் துணையாயிற்று.

மூடாத கண்ணை மூடச்செய்ய மருத்துவர்கள் கண்ட வழிகளில் ஒன்று வியப்புக்குரியது. பற்களைக் கடிக்கும்போது நெற்றிப்பொட்டில் அசையும் மெல்லும் தசையின் ஒரு பகுதியை எடுத்து, பட்டையாக இமைகளைச் சுற்றிக் கொண்டுவந்து பொருத்துவர். பின்னர் நோயாளி பல்லைக் கடிக்கும்போது கண் மூடும். உண்ணும்போதெல்லாம் கண் இமைக்கும். உண்ணாத நேரத்தில் நினைவோடு பல்லைக் கடித்துக் கண்ணை மூடக் கற்கவேண்டும். எளிய முறையில் இமைகளின் வெளி ஓரத்தைச் சேர்த்துத் தைத்து இடைவெளியைக் குறைப்பதும் உண்டு. அறுவை தேவைப்படாதவர்க்குப் பயிற்சியே மருந்து: ஒரு மரத்தைப் பார்த்தால் இமை, ஒரு பறவையைப் பார்த்தால் இமை என்று நினைவுக்குக் குறிகள் வைத்துக்கொண்டு, இமைப்பதைப் புதிதாகக் கற்பது. நமக்கு மூச்சுப் போல வருவதை அவர்கள் பாடம் போலப் படிக்கவேண்டியிருந்தது.

கண்ணை இழந்தபின் மாற்றுக் கருவிழி பொருத்தலாமே என்று கேட்கலாம். கண்தானம் பெருகிவரும் இக்காலத்தில் அக்கேள்வி இயல்பானதே. ஆனால் இமை மூடாத, உணர்வற்ற கண்ணில் பொருத்திய கருவிழி நிலைப்பது அரிது. பழைய படலத்தைக் கெடுத்த அதே வறட்சியும் காயமும் புதியதையும் கெடுத்துவிடுகின்றன. இங்கே இழந்ததைத் திரும்பப் பெறுவது அரிது; இழக்காமல் காப்பதே வழி.

பதிவேடும் மனிதரும்

1982 முதல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து முறை வந்தது. டாப்சோன், ரிபாம்பிசின், குளோபாசிமின் ஆகிய மருந்துகளைச் சேர்த்துக் குறித்த மாதங்கள் உண்டால் கிருமி அழிகிறது. இலட்சக்கணக்கானோர் குணமடைந்தனர். 10,000 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்கும் கீழே நோயாளர் தொகை குறைந்ததாக 2005 டிசம்பரில் இந்திய அரசு அறிவித்தது. இது சிறிய வெற்றியன்று. இதற்காக உழைத்த களப்பணியாளர்களை நாம் வணங்கவேண்டும்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மருந்து முடிந்தவுடன் பதிவேட்டில் ஒரு பெயர் அடிக்கப்படுகிறது. அடிக்கப்பட்ட பெயருக்குரியவரின் நரம்பு அதனால் உயிர்பெற்று விடுவதில்லை. கரிகிரியிலும், பிலிப்பைன்சின் செபுவிலும், எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவிலும் 1990களில் தொடங்கிப் பல ஆண்டுகள் தொழுநோயாளரின் கண்களைத் தொடர்ந்து ஆய்ந்தனர். கிருமி மிகுந்த வகை நோயிலிருந்து மருந்துண்டு முடித்தவர்களிலும், ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குப் புதிதாகக் கண் கேடுகள் தோன்றின. அவற்றுள் பல பார்வையைப் பறிக்கத்தக்கவை. கிருமி செத்தபின்னும் நோய் நடந்துகொண்டிருக்கிறது என்பதே இதன் பொருள்.

முதுமையில் கண்புரையும் வந்து சேர்கிறது. தொழுநோய் கண்டவர்களின் பார்வையிழப்புக்கு இன்று முதன்மையான காரணங்களுள் புரையும் ஒன்று. மற்றவருக்குப் போலவே அவர்களுக்கும் அறுவை செய்யலாம். ஆனால் பொதுக் கண் முகாம்களின் வரிசையில் நிற்க அவர்கள் அஞ்சினர். அருகில் நின்றவர்கள் அவர்களைக் கண்டு அஞ்சினர். நோயால் போன பார்வை ஒருபுறமிருக்க, அச்சத்தால் போன பார்வைக்கு யார் கணக்கு வைப்பது?

பார்வையிழந்த மற்றோர்க்கு விரல்நுனி கண்ணாகிறது. புள்ளியெழுத்தைத் தடவிப் படிக்கிறார்கள். குழந்தையின் முகத்தைத் தடவி அறிகிறார்கள். தொழுநோயால் பார்வையிழந்தவர்க்கு அந்த விரல்நுனியும் மரத்துப்போயிருக்கிறது. சுடுசோற்றின் சூட்டை அறியார். கைத்தடியின் முனை எதில் படுகிறது என்பதையும் சரிவர அறியார். உலகம் அவரிடம் நுழைய இருந்த இரண்டு வாயில்களும் ஒருங்கே அடைபடுகின்றன. எஞ்சியிருப்பது செவி. அந்தச் செவியில் விழும் சொற்கள் எப்படிப்பட்டவை என்பது நம் கையில் இருக்கிறது.

எளிய காவல்

இக்கேட்டைத் தொடக்கத்திலேயே காணப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. உறங்குவது போல் மெல்லக் கண்ணை மூடச் சொல்லி, இமைகளுக்கிடையே வெண்மை தெரிகிறதா என்று பார்க்கலாம். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் இமைக்கிறாரா என்று கவனிக்கலாம். 6 மீட்டர் தொலைவில் விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லலாம். இமைத் தளர்ச்சி தோன்றி ஆறு மாதங்களுக்குள் மருத்துவரிடம் வந்தால், உரிய ஸ்டீராய்டு மருந்தால் பலருக்கு நரம்பை மீட்க முடிகிறது. காலம் கடந்தால் மீட்பது கடினம். கண்ணில் செந்நிறமும், பார்வை மங்கலும், முகத்தில் கண்ணருகே சிவந்து தடித்த படையும் காணப்பட்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. பகலில் நிறக்கண்ணாடியும், இரவில் கண்ணை மூடும் தூய துணியும், சொட்டு எண்ணெயும், நாள்தோறும் நிலைக்கண்ணாடியில் கண்ணைப் பார்க்கும் பழக்கமும் எத்தனையோ பேரின் பார்வையைக் காத்திருக்கின்றன. விரல் மடங்கியவர்க்குச் சொட்டு மருந்தைத் தாமே இட்டுக்கொள்ள முடியாது. அங்கே வீட்டிலுள்ள ஒருவரின் கை வேண்டும்.

உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளருள் பாதிக்கு மேற்பட்டோர் நம் நாட்டினரே. ஆண்டுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். ஒழிந்துவிட்டது என்று எண்ணிக் களப்பணி தளர்ந்த இடங்களில் நோயும் பிந்தியே கண்டறியப்படுகிறது. ரவுல் போலரோ 1954இல் தொடங்கிய உலகத் தொழுநோய் நாள், சனவரியின் கடைசி ஞாயிறன்று உலகெங்கும் நினைவுகூரப்படுகிறது. நம் நாட்டில் காந்தியடிகள் மறைந்த சனவரி 30 அந்நாளாக அமைகிறது. அன்று காணிக்கை திரட்டுகிறோம், உரையாற்றுகிறோம். நன்றே. அவற்றோடு, நம் பங்கில், நம் தெருவில், என்றோ மருந்துண்டு முடித்த ஒருவர் இருந்தால், அவரருகில் அமர்ந்து பேசுவோம். பேசும்போது அவர் முகத்தை நேருக்கு நேர் பார்ப்போம்.

நற்செய்தியில் தொழுநோயாளர் குணமடைந்த நிகழ்ச்சிகளில், சொல்லால் மட்டுமே குணமாக்க வல்லவர் கையை நீட்டித் தொட்டும் குணமாக்கினார் என்று காண்கிறோம். அத்தொடுகை நோய்க்காக மட்டும் அன்று, எவரும் தொடாத மனிதருக்காகவும் என்று நாம் எண்ணுகிறோம். தொடுவதற்கு முன் பார்க்கவேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பவனுக்கு எதிரே வருபவரின் இமை மூடுகிறதா இல்லையா என்பது ஒருநாளும் தெரியப்போவதில்லை. தன் இமை தன்னைக் காக்காதபோது, காக்கும் இமையாக அயலான் ஒருவன் அமைவதே அவருக்கு மிஞ்சியிருக்கும் காவல்.